மூளைக் கொழுப்பும் வம்சத்தில் வரும் கை நடுக்கமும்

(சபையின் குடும்ப சங்கமத்தில் மூத்த அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பாலக்காடு விக்டோரியா காலேஜில் கெமிஸ்ட்ரி படித்து, பால்வளத் துறையில் உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவன். மீனாக்ஷிபுரத்திலும் குமுளியிலும் எல்லை தாண்டி வரும் பாலில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று பார்த்துக்கொண்டே பல வருஷங்களைக் கழித்தவன். அதனால் கொழுப்பைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் அருகதை உண்டு என்று நினைக்கிறேன். இன்று பேசப் போவது பால் கொழுப்பு இல்லை, மூளையில் இருக்கும் கொழுப்பு. அது சரியாகச் செரிக்காமல் போவதற்கும் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் பார்க்கின்சன் வியாதிக்கும் என்ன சம்பந்தம் என்பதே விஷயம். ஆங்காங்கே படித்துத் தெரிந்துகொண்டதை நமக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

வியாதியின் சரித்திரம்

1817ல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர் கை கால் நடுக்கத்தைப் பற்றி ஒரு சிறு புஸ்தகம் எழுதினார். வியாதிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நம் ஆயுர்வேதத்தில் கம்பவாதம் என்று சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். 1912ல் ஃப்ரெடரிக் லேவி என்ற ஜெர்மன் வைத்தியர், இந்த நோயாளிகளின் மூளை செல்களுக்குள் உருண்டை உருண்டையாக ஏதோ கட்டி நிற்பதைப் பார்த்தார். லேவி உருண்டைகள் என்று அவற்றுக்குப் பெயர். 1957ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன், டோபமீன் என்ற ரசாயனம் மூளையின் வேலைக்கு எவ்வளவு முக்கியம் என்று காட்டினார். அதற்காக 2000ல் நோபல் பரிசு பெற்றார். நடுமூளையில் டோபமீன் தயாரிக்கும் செல்கள் மெல்ல மெல்லச் சாவதால்தான் நடுக்கமும், உடம்பு விறைப்பும், நடையில் தாமதமும் வருகின்றன. 1967 முதல் லீவோடோபா மருந்து பலன் தருகிறது. அது குறைந்த டோபமீனை ஈடு செய்கிறதே தவிர, செல்கள் சாவதைத் தடுப்பதில்லை.

அப்படியானால் செல்கள் ஏன் சாகின்றன? 1997ல் இத்தாலிய வம்சாவளிக் குடும்பம் ஒன்றை ஆராய்ந்தபோது ஒரு விடை கிடைத்தது. ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதத்துக்கான ஜீனில் அவர்களுக்கு ஒரு பிழை இருந்தது. லேவி உருண்டைகளில் கட்டி நிற்பதும் இதே புரதம்தான் என்று அதே வருஷம் தெரிந்தது. அதற்குப் பிறகு பல வருஷங்கள் எல்லோர் கவனமும் புரதத்தின் மேலேயே இருந்தது. கொழுப்பின் பக்கம் கவனம் திரும்பியது வேறொரு வியாதி மூலமாக. அந்தக் கதைதான் இன்றைய பேச்சுக்கு மையம்.

மூளையில் கொழுப்பா?

மூளையிலிருந்து நீரை எடுத்துவிட்டால் மிஞ்சுவதில் பாதிக்கு மேல் கொழுப்பு. "உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி" என்று திட்டுவதில் சாஸ்திரப்படி தப்பே இல்லை! ஒவ்வொரு செல்லையும் சுற்றியுள்ள மெல்லிய தோலே கொழுப்பால் ஆனது. ஒரு நரம்பு செல் இன்னொன்றுக்குச் செய்தி சொல்வது சின்னச் சின்னக் கொழுப்புக் குமிழ்கள் மூலமாக. ஆல்ஃபா சைனூக்ளின் புரதம் ஒட்டிக்கொண்டு வேலை செய்வதும் அந்தக் குமிழ்களின் மேல்தான்.

இந்தக் கொழுப்பு ஒரு தடவை பூசிவிட்ட சுவர் இல்லை. பழையது கழிந்து புதியது வந்துகொண்டே இருக்கும். பழையதை உடைத்து மறுபடி உபயோகத்துக்குக் கொடுக்க ஒவ்வொரு செல்லுக்குள்ளும் லைசோசோம் என்ற சிறு பைகள் உண்டு. 1955ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் டி டூவ் இவற்றைக் கண்டுபிடித்தார். பைக்குள் பல என்சைம்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வேலை. ஒன்று லீவு போட்டால் அதன் வேலையை இன்னொன்று பார்க்காது. சர்க்கார் ஆபீஸ் மாதிரிதான்.

அதில் ஒரு என்சைமின் பெயர் குளூக்கோசெரிப்ரோசிடேஸ். பெயர் நீளம், வேலை எளிது. குளூக்கோஸ் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வகைக் கொழுப்பிலிருந்து சர்க்கரையை வெட்டிப் பிரிப்பது. இந்த என்சைமைத் தயாரிக்கும் ஜீனுக்கு ஜி.பி.ஏ.1 என்று பெயர். இந்தப் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவைப் பற்றிக் கேட்டதால் வந்த கண்டுபிடிப்பு

அம்மா கொடுத்த ஜீன், அப்பா கொடுத்த ஜீன் இரண்டிலுமே பிழை இருந்தால் கோஷே வியாதி வரும். 1882ல் பிலிப் கோஷே என்ற பிரெஞ்சு வைத்தியர் விவரித்தது. மண்ணீரலும் கல்லீரலும் வீங்கும், ரத்தம் குறையும், எலும்பு நோகும். என்சைம் குறைவுதான் காரணம் என்று 1965ல் அமெரிக்காவில் ராஸ்கோ பிரேடி கண்டுபிடித்தார். 1991 முதல் அந்த என்சைமையே ஊசி மூலம் ஏற்றும் வைத்தியம் உண்டு. விலை ஏழைக் குடும்பத்துக்கு எட்டாதது. நம் நாட்டில் ஒரு ஏழைத் தொழிலாளியின் குழந்தைக்காக டெல்லி ஹைகோர்ட் 2014ல் கொடுத்த தீர்ப்பு முக்கியமானது. 2021ல் மத்திய அரசு அரிய நோய்களுக்கான கொள்கையை வெளியிட்டது. 2024ல் கேரள அரசும் இதற்கென்று 'கேர்' என்ற திட்டத்தை ஆரம்பித்தது.

கோஷே அபூர்வமான வியாதி. ஆனால் அந்த நோயாளிகளைப் பல வருஷம் கவனித்த டாக்டர்கள் ஒன்றைப் பார்த்தார்கள். சிலருக்குச் சின்ன வயதிலேயே பார்க்கின்சன் வந்தது. பிறகு குடும்ப சரித்திரத்தைக் கேட்டு எழுதியபோது இன்னொரு ஆச்சரியம். கோஷே வியாதியே இல்லாத அப்பா, தாத்தா, பாட்டி, சித்தப்பா இவர்களில் பலருக்குக் கை நடுக்கம் இருந்திருக்கிறது! இவர்கள் ஒரே ஒரு பிழையான ஜீனைச் சுமந்தவர்கள். ஒன்று நன்றாக இருந்தால் போதும், எந்தக் கெடுதியும் இல்லை என்று அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

இதை உறுதி செய்ய, எலன் சிட்ரான்ஸ்கி என்ற அமெரிக்க டாக்டர் தலைமையில் 16 மையங்கள் சேர்ந்து 5,691 பார்க்கின்சன் நோயாளிகளையும், வியாதி இல்லாத 4,898 பேரையும் ஒப்பிட்டன. 2009ல் முடிவு வந்தது. ஜி.பி.ஏ.1 பிழை நோயாளிகளிடம் ஐந்து மடங்குக்கும் மேல் அதிகமாக இருந்தது. பார்க்கின்சனுக்கு வம்ச வழியில் சாத்தியத்தைக் கூட்டும் ஜீன்களில் இதுவே மிக முக்கியமானது என்று இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். இந்தப் பிழை உள்ளவர்களுக்கு வியாதி சில வருஷம் முந்தி வரலாம். ஞாபக சக்தியும் சீக்கிரம் குறையலாம்.

பெரிய லேபரட்டரி எல்லாம் பிற்பாடுதான் வந்தது. முதலில் நடந்தது, ஒருவர் "உங்க தாத்தா எப்படி இருந்தார்?" என்று கேட்டதும், இன்னொருவர் மறைக்காமல் சொன்னதும்தான்.

பால் திரிவது போல

கொழுப்பு செரிக்காவிட்டால் புரதம் ஏன் கட்டியாக வேண்டும்? எனக்குத் தெரிந்த பாலை வைத்தே சொல்கிறேன். பாலிலுள்ள கேசின் என்ற புரதம் நல்ல புரதம். தெளிவாகக் கலந்து நிற்கும். ஆனால் பால் கேனைச் சரியாகக் கழுவாமல் முந்தைய நாள் கசடு ஒட்டியிருந்தால் மறுநாள் பால் திரிந்துவிடும். புரதம் மாறவில்லை, அது இருக்கும் இடம் கெட்டுவிட்டது.

செல்லுக்குள்ளும் ஏறக்குறைய இதுதான் கதை. என்சைம் குறைந்தால் வெட்டப்படாத கொழுப்பு லைசோசோமில் சேருகிறது. ஆல்ஃபா சைனூக்ளின் தன் இயல்பான உருவத்தை விட்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிறது. கட்டியான புரதம் சும்மா இருப்பதில்லை. புதிதாகத் தயாராகும் என்சைம் லைசோசோமுக்குப் போய்ச் சேருவதையே தடுக்கிறது. என்சைம் மேலும் குறைகிறது, கொழுப்பு மேலும் சேருகிறது. இந்த விஷச் சக்கரத்தை 2011ல் விளக்கினார்கள். 2019ல் லேவி உருண்டைகளை மிக நுட்பமான மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது பலவற்றில் புரதம் மட்டுமில்லை, நொறுங்கிய கொழுப்புத் தோல்களும் குமிழ்களும் நெருக்கியடித்துக் கிடப்பது தெரிந்தது. லேவி பார்த்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, அந்த உருண்டைக்குள் கொழுப்பும் இருக்கிறது என்று புரிந்தது!

அதற்காகச் சேரும் கொழுப்பைக் குறைத்துவிட்டால் போதும் என்றும் சொல்ல முடியாது. அப்படிக் குறைக்கும் ஒரு மருந்தை ஜி.பி.ஏ.1 பிழையுள்ள நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை என்று 2021ல் நிறுத்தினார்கள். இன்னும் முடிச்சு முழுவதும் அவிழவில்லை.

"அப்போ நெய் சாப்பிடலாமா மாமா?" என்று முன்வரிசையில் ஒரு மாமி கேட்பது எனக்குக் கேட்கிறது. தாராளமாக அளவோடு சாப்பிடலாம். நாம் சாப்பிடும் நெய் நேரே மூளைக்குப் போய்ப் படிவதில்லை. மூளைக்குத் தனியாக ஒரு காவல் உண்டு. தனக்கு வேண்டிய கொலஸ்டிராலை மூளை தானே தயாரித்துக்கொள்ளும். கோஷே வியாதிக்கான என்சைம் ஊசி பார்க்கின்சனுக்கு உதவாததும் அந்தக் காவலால்தான். மருந்து மூளைக்குள் நுழைவதில்லை.

விதி வேறு, சாத்தியம் வேறு

ஜீனில் பிழை இருந்தால் வியாதி நிச்சயமா? இல்லை. இதுதான் நம்மவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டியது. 60 வயது தாண்டியவர்களில் 100க்கு ஒருவருக்குப் பார்க்கின்சன் இருக்கிறது என்பது பொதுக் கணக்கு. ஜி.பி.ஏ.1 பிழை ஒன்று உள்ளவர்களில் 80 வயதுக்குள் வியாதி வருவது, பல ஆய்வுகளின்படி, 100க்குச் சுமார் 10 முதல் 30 பேருக்கு. அதாவது பிழை இருந்தும் பெரும்பாலானவர்களுக்கு வருவதே இல்லை.

ஜீன் மட்டும் போதாது. சுற்றுச்சூழலுக்கும் பங்கு உண்டு. பாராகுவாட், ரோட்டினோன் போன்ற விஷங்களைக் கையாண்ட விவசாயிகளிடம் பார்க்கின்சன் அதிகம் என்று 2011ல் ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது. ஏலத் தோட்டங்களில் மருந்து அடிப்பது சகஜம் என்பதால் இடுக்கிப் பக்கத்து அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முகமூடி, கையுறை இல்லாமல் தோட்டத்தில் யாரையும் மருந்து அடிக்க விடாதீர்கள். கூலிக்கு வருபவருக்கும் குடும்பம் உண்டு.

கொழுப்பைக் கையாளும் ஜீன்கள் வேறு சிலவும் உண்டு. பி.எல்.ஏ.2ஜி.6 என்ற ஜீன் செல்தோலின் கொழுப்பைப் பழுது பார்க்கும் என்சைமைத் தருகிறது. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பிழையான ஜீன் வந்தால்தான் வியாதி. ஆனால் வந்தால் இளம் வயதிலேயே வரும். 2009ல் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பங்களில்தான் இதை முதலில் கண்டார்கள்.

இங்கே நம் கல்யாண வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே கோத்திரத்தில் கல்யாணம் செய்வதில்லை, ஆகையால் நமக்கு இந்தக் கவலை இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. கோத்திரம் அப்பா வழியை மட்டும்தான் பார்க்கிறது. அம்மாஞ்சிக்கும் அத்தங்காளுக்கும் கோத்திரம் வேறு, ஆனால் இருவருக்கும் தாத்தா பாட்டி பொது. அந்தத் தாத்தாவிடம் ஒரு பிழை இருந்தால் இருவரும் அதைச் சுமக்கலாம். பெற்றோர் இருவரும் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பிழையும் சேர நாலில் ஒரு பங்கு சாத்தியம். பழைய வழக்கத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. இன்று சொந்தத்தில் சம்பந்தம் பேசுகிறவர்கள் வியாதி சரித்திரத்தையும் சேர்த்துப் பேசட்டும் என்றே சொல்கிறேன்.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

எனக்கு நெருங்கிய ஒரு குடும்பத்தின் விஷயத்தை அவர்கள் சம்மதத்தோடு சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

என் அத்திம்பேருக்கு 54 வயதில் ஆரம்பித்தது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. சந்தியாவந்தனம் பண்ணும்போது உத்தரணியிலிருந்து தீர்த்தம் சிந்தியது. கையெழுத்து எறும்பு மாதிரி சுருங்கிப்போய், ஒத்துப் போகவில்லை என்று பாங்கிலிருந்து செக் திரும்பி வந்தது. நரம்புத் தளர்ச்சி என்று இரண்டு வருஷம் டானிக் சாப்பிட்டார். அதன் பிறகுதான் கோயம்புத்தூரில் ஒரு நியூராலஜிஸ்ட் பார்த்துப் பெயர் சொன்னார். அவருக்கு நடுக்கத்தைவிட வெட்கம்தான் பெரிய வியாதி ஆயிற்று. பஜனைக்கு வருவதை நிறுத்தினார். பந்தியில் உட்கார மாட்டேன் என்றார். 2011ல் காலமானார்.

அப்புறம் அவருடைய மூத்த பிள்ளைக்கு 48 வயதில் இடது கை ஆடியது. டாக்டர் கேட்டார், "குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா?" என்று. அப்பாவுக்கு மட்டும்தான் என்றார்கள். ஆனால் அத்திம்பேரின் சித்தப்பா ஒருவர் மலைக்கு அந்தப் பக்கம் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்தவர். சொத்துத் தகராறில் இரண்டு குடும்பத்துக்கும் நாற்பது வருஷமாகப் பேச்சு இல்லை. விசாரித்தபோது, அவருக்கும் கடைசிப் பத்து வருஷம் கை ஆடியதாம், நடை தள்ளாடியதாம். பாரிசவாயு என்று சொல்லியே கதையை முடித்திருக்கிறார்கள். மூன்று பேர் என்று தெரிந்ததும் டாக்டர் ஜீன் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஜி.பி.ஏ.1ல் ஒரு பிழை.

இப்போது என் மருமாள், அதாவது அந்தப் பிள்ளையின் தங்கை, என்னிடம் வந்தாள். "மாமா, எனக்கும் வருமோ? பொண்ணு ஜாதகத்தை எடுத்திருக்கோம். பிள்ளையாத்துல இதைச் சொல்லணுமா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

நான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அப்பாவிடமிருந்து பிழையான ஜீன் அவளுக்கு வந்திருக்க இரண்டில் ஒரு பங்கு. வந்தே இருந்தாலும் வியாதி வர 100க்கு 10 முதல் 30. ஆகவே இந்த ஜீனால் வரும் சாத்தியம் 100க்கு 5 முதல் 15. எல்லோருக்கும் வயதுப்படி உள்ள சாத்தியம் அதற்கு வெளியே. அவள் பெண்ணுக்கோ அதிலும் பாதி. "இதைவிட ஷுகர் வர சாத்தியம் ஜாஸ்தி. ஆனாலும் மறைக்காதே. கணக்கோடு சேர்த்துச் சொல்லு" என்றேன்.

சொன்னார்கள். முதலில் வந்த வரன் விலகிப் போயிற்று. வீட்டில் அழுகை, என் மேலும் கொஞ்சம் வருத்தம். ஒரு வருஷம் கழித்து இன்னொரு வரன். பையனின் அப்பா முழுவதும் கேட்டுவிட்டு, "எங்காத்துல எல்லாருக்கும் ஹார்ட் வியாதி. நாங்க ஜாதகத்தோட அதை எழுதி அனுப்பினோமா?" என்றார். கல்யாணம் நடந்தது. எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாக முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மறைத்து நடந்த கல்யாணத்தில் பிற்பாடு உண்மை தெரிந்தால், வியாதியைவிட அவநம்பிக்கை அந்தக் குடும்பத்தை அதிகம் ஆட்டும்.

நம் கொல்லையில் இருக்கும் ஆடாதோடை

இப்போது கொஞ்சம் சந்தோஷமான விஷயம். நம் வேலியோரத்தில் இருக்கும் ஆடாதோடை, மலையாளத்தில் ஆடலோடகம், இருமலுக்குக் கஷாயம் வைப்போமே, அதில் வாசிசின் என்ற சத்து உண்டு. அதை ஆதாரமாக வைத்து புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்தும், அதிலிருந்து அம்ப்ராக்ஸால் என்ற மருந்தும் வந்தன. கடையில் விற்கும் பல இருமல் சிரப்புகளில் அம்ப்ராக்ஸால் இருக்கிறது. 2009ல் கனடாவில் நூற்றுக்கணக்கான பழைய மருந்துகளைச் சோதித்தபோது, இந்த அம்ப்ராக்ஸால் குளூக்கோசெரிப்ரோசிடேஸ் என்சைமைத் தாங்கிப் பிடித்து லைசோசோமுக்குப் போய்ச் சேர உதவுவது தெரிந்தது.

2020ல் லண்டனில் 17 பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், மருந்து மூளையைச் சுற்றியுள்ள திரவம் வரை போய்ச் சேர்ந்தது. 2025ல் பிரிட்டனில் 300க்கு மேற்பட்டவர்களுடன் பெரிய பரிசோதனை ஆரம்பித்திருக்கிறது. அதே 2025ல், பார்க்கின்சனோடு மறதியும் சேர்ந்தவர்கள் 55 பேரிடம் கனடாவில் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. மருந்து பாதகமில்லை, ஆனால் ஞாபக சக்தி பொதுவில் கூடவில்லை. பெரிய பரிசோதனையின் முடிவு வரச் சில வருஷங்கள் ஆகும்.

தயவுசெய்து யாரும் இன்று வீட்டுக்குப் போய் இருமல் சிரப்பை எடுத்துக் குடிக்க வேண்டாம்! லண்டனில் கொடுத்தது ஒரு நாளைக்கு 1260 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் 30 மில்லிகிராம் மாத்திரை என்றால் 42. டாக்டர் கண்காணிப்பில்லாமல் செய்யக் கூடாத காரியம். ஆடாதோடைக் கஷாயமும் இதற்கு ஈடாகாது.

இதோடு இன்னொரு செடி. பூனைக்காலி, நம் பக்கத்தில் நாய்க்குரணை. அதன் விதையில் லீவோடோபா இருக்கிறது என்று 1937லேயே மதராஸ் சர்வகலாசாலையில் தாமோதரன், ராமசுவாமி என்ற இருவர் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அந்த மருந்து உலகுக்கு உதவ அதற்கப்புறம் முப்பது வருஷம் ஆயிற்று. ஆனால் மாத்திரையும் சாப்பிட்டு, யாரோ சொன்னார் என்று இந்தப் பொடியும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒரே மருந்தை இரண்டு பங்கு சாப்பிட்டதாகும். வைத்தியரிடமும் டாக்டரிடமும் இரண்டையும் சொல்லுங்கள்.

நாம் செய்யக் கூடியவை

ஒன்று. ஒவ்வொரு குடும்பமும் மூன்று தலைமுறைக்கு வியாதி வரிசை எழுதி வையுங்கள். யாருக்கு என்ன வந்தது, எந்த வயதில் வந்தது. தர்ப்பணத்துக்கு மூன்று தலைமுறைப் பெயர் சொல்கிறவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை. அம்மா வழியையும் சேர்த்து எழுதுங்கள். நம் குடும்பங்கள் பாதி இந்தப் பக்கம், பாதி போடி, கம்பம், உடுமலை பக்கம், மீதி பம்பாயிலும் அமெரிக்காவிலும். மறையூரில் இருப்பவர் உடுமலைக்கும், குமுளியில் இருப்பவர் தேனிக்கும், பாலக்காட்டில் இருப்பவர் கோயம்புத்தூருக்கும் ஓடுகிறோம். ஒரு ஃபைலில் எல்லா காகிதமும் இருக்கட்டும்.

இரண்டு. முன்னறிகுறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். வாசனை தெரியாமல் போவது, தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கத்துவது, கை கால் வீசுவது, எழுத்து சுருங்குவது, நடக்கும்போது ஒரு கை வீசாமல் இருப்பது. இவற்றில் ஒன்றைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம். பலவும் சேர்ந்தால் நியூராலஜிஸ்டிடம் போங்கள். நடுக்கம் வெளியே தெரியும்போது டோபமீன் செல்களில் பெரும் பங்கு ஏற்கெனவே போயிருக்கும்.

மூன்று. ஜீன் பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை. 50 வயதுக்கு முன் வியாதி வந்தவர்கள், குடும்பத்தில் பலருக்கு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுச் செய்யலாம். முடிவை விளக்கிச் சொல்ல ஆளில்லாமல் செய்ய வேண்டாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா இன்ஸ்டிட்யூட்டிலும் பெங்களூர் நிம்ஹான்ஸிலும் இந்த வியாதிக்கென்று தேர்ந்த டாக்டர்கள் இருக்கிறார்கள்.

நான்கு. லீவோடோபா மாத்திரையை நேரம் தவறாமல், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுங்கள். பாலும் பருப்பும் தயிரும் கூடவே போனால் அவற்றின் புரதம் மருந்தோடு போட்டி போடும். பால்காரன் நானே சொல்கிறேன், மாத்திரையைப் பாலோடு கொடுக்காதீர்கள். திடீரென்று நிறுத்தவும் கூடாது, ஆபத்து. நடை, தேகப்பயிற்சி தினமும் வேண்டும்.

ஐந்து. நோயாளியை மூலையில் உட்கார வைக்காதீர்கள். அவர் தீர்த்தம் சிந்தினால் சிந்தட்டும். இந்த வியாதியில் குரல் மெலியும். உரக்கப் பேசுவதும் பாடுவதும் நல்ல பயிற்சி. பஜனையில் அவருக்கு முன்வரிசையில் இடம் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. பம்பாயில் பார்ஸி சமூகத்தினர் தங்கள் காலனிகளில் வீடு வீடாக நரம்பு வியாதிக் கணக்கெடுப்புக்கு இடம் கொடுத்தார்கள். 14,010 பேரில் 46 பேருக்குப் பார்க்கின்சன் என்று 1988ல் முடிவு வெளியானது. வயதானவர்கள் மிகுந்த சமூகம் ஆகையால் விகிதம் அதிகம். வெட்கப்பட்டு யாரும் கதவைச் சாத்தவில்லை. இந்தியாவில் இந்த வியாதியின் கணக்கைப் பேசும்போது இன்றும் அதை எடுத்துச் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் சகஜமாகக் காணும் ஒரு முக்கிய ஜீன் பிழை நம் நாட்டில் மிக அரிது என்று தெரிந்திருக்கிறது. 2023ல் ஆப்பிரிக்கர்களிடம் ஜி.பி.ஏ.1லேயே வேறொரு புதிய மாற்றம் கிடைத்தது. வெள்ளைக்காரர்களின் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது என்பதற்கு இவையே சாக்ஷி. நம்மைப் பற்றித் தெரிய வேண்டுமானால் நாம்தான் சொல்ல வேண்டும்.

நம் சபையும் சிறியதுதான். முதல் படியாக, அந்தந்தக் குடும்பம் தன் வரிசையை எழுதித் தன் வீட்டுப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளட்டும். சபைக்குக் கொடுக்க வேண்டியதில்லை. டாக்டர் கேட்கும் நாளில் எடுத்துக் கொடுத்தால் போதும். அடுத்த தலைமுறைக்கு நாம் விட்டுப் போகும் சொத்துகளில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும்.